இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஸ்யூவி: மொத்தமாகச் செய்வதா, படிப்படியாகவா, பழுதான பிறகா?

சர்வீஸ் புத்தகத்தில் கடைசி முத்திரை 1,12,000 கிலோமீட்டரில் நிற்கிறது. ஓடோமீட்டர் 2,08,000 காட்டுகிறது. இடைப்பட்ட 96,000 கிலோமீட்டருக்கு ஒரு ரசீதுகூட இல்லை. விற்றவர் "எல்லாம் ஒழுங்காகச் செய்ததுதான்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் மனத்தில் 'எல்லாம்' என்பது என்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மட்டுமாக இருக்கலாம். டிஃபரென்ஷியல் (அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) ஆயிலும் பிரேக் ஆயிலும் பலருடைய கணக்கில் வருவதே இல்லை. எனவே ரசீது இல்லாத வேலை நடக்காத வேலை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இந்த நிலையில் வண்டியை வாங்கியவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஆயில் முதல் பெல்ட் வரை, புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை) முதல் ஷாக் அப்சார்பர் வரை, நிலுவையில் இருக்கக்கூடிய அனைத்தையும் முதல் மாதத்திலேயே ஒரே மூச்சில் முடித்துவிடுவது ஒன்று. ஓடும் வரை ஓடட்டும், எது பழுதாகிறதோ அதை அப்போது பார்க்கலாம் என்று விட்டுவிடுவது இன்னொன்று. வண்டியை முதலில் படித்துப் பார்த்து, பிறகு ஒரு வரிசை போட்டு, ஓராண்டுக்குள் நிலுவையைத் தீர்ப்பது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு வண்டிகளில் செய்து பார்த்திருக்கிறேன். என் தேர்வு மூன்றாவது வழிதான். ஆனால் அதன் முதல் இரண்டு வாரங்கள் முதல் வழியைப் போலவே கறாராக இருக்க வேண்டும்.

செலவுக்கு முன் ஒரு மணி நேரம்

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதல் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியின் அடியில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். பார்க்க வேண்டியது சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். மேலோட்டமான பழுப்புத் துரு எல்லா வண்டியிலும் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பின் அச்சு சேசிஸோடு இணையும் இடங்கள், ஸ்பிரிங் தாங்கிகள், பெட்டி போல மூடிய சட்டத்தின் அடிப்பக்கம் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்துப்போன இரும்பு மந்தமாக ஒலிக்கும். அடுக்கடுக்காகச் செதில் உதிர்ந்தாலோ திருப்புளி உள்ளே இறங்கினாலோ இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அந்த வண்டிக்குப் பொருந்தாது. அதற்கு டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை) வாங்கும் பணம் வீண்.

அடுத்து, இரவு முழுக்க ஆறிய என்ஜினில், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் தொட்டியைத் திறந்து பாருங்கள். கூலன்டின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால், அல்லது என்ஜினை முடுக்கியதும் தொடர்ச்சியாகக் குமிழிகள் எழுந்தால், ஹெட் கேஸ்கெட்டை (என்ஜினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணிறப் பசை இருந்தால் மட்டும் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். குறுந்தூரமே ஓடிய வண்டிகளில் ஈரம் உறைந்தும் அது உண்டாகும். அதே குளிர்ந்த நிலையில் முதல் ஐந்து வினாடி என்ஜின் சத்தத்தைக் கேளுங்கள். பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின் கொண்ட என்ஜின் அந்த நேரத்தில் கடகடவென்று அதிர்ந்து பிறகு அடங்கினால், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

மூன்றாவதாக, ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டியின் கணினியில் பதிந்த பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001 முதலும் இதை மாட்டும் இணைப்பு கட்டாயமாயிற்று. பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று திரையில் வந்ததும் பலர் மகிழ்ந்து கருவியைப் பிடுங்கிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தையும் பாருங்கள். வண்டியின் கணினி தன் சுய பரிசோதனைகளை முடித்துவிட்டதா என்று அங்கே காட்டும். பெரும்பாலானவை 'முடியவில்லை' என்றிருந்தால், யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி பார்த்தால் உண்மை வெளிவரும்.

ஒரே மூச்சில் முடிப்பது

இந்த வழியின் பலம் உழைப்பில் கிடைக்கும் சிக்கனம். டைமிங் பெல்ட்டை எட்டுவதற்கு என்ஜினின் முன்பகுதியை முழுக்கக் கழற்ற வேண்டும். அங்கே போய்விட்டால் வாட்டர் பம்ப், பெல்ட்டை வழிநடத்தும் உருளைகள், டென்ஷனர், கிராங்க் தண்டின் முன் ஆயில் சீல், வெளிப்புற பெல்ட், தெர்மோஸ்டாட், கூலன்ட் அனைத்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இவற்றை நான்கு தடவையாகச் செய்தால் நான்கு தடவை கழற்றும் கூலி. ஒரே தடவையில் செய்தால் உதிரிபாகத்தின் விலை மட்டுமே கூடும். மற்றொரு பலம் மனநிம்மதி. இன்றைய தேதியில் எல்லாமே பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன, இனி வரும் கணக்கு நம் கையில்.

பலவீனத்தை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் பழைய எஸ்யூவிக்கு ஒரே வாரத்தில் இருபதுக்கு மேற்பட்ட வேலைகளைச் செய்யக் கொடுத்தேன். வண்டி திரும்பி வந்த பத்தாம் நாள் கூலன்டின் இனிப்பு வாசனை. ரேடியேட்டர் புதிது, பம்ப் புதிது, தெர்மோஸ்டாட் புதிது, ஹோஸ்கள் புதியவை. எல்லாமே புதிதாக இருந்ததால் எதைச் சந்தேகிப்பது என்றே தெரியவில்லை. மூன்று வாரம் தேடிய பிறகு, தெர்மோஸ்டாட் பக்கத்து ஹோஸில் கிளாம்ப் அரை அங்குலம் விலகி மாட்டப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். பழைய ஹோஸை அப்படியே விட்டிருந்தால் அந்தக் கசிவே வந்திருக்காது.

பழைய வண்டியில் ஒவ்வொரு மூட்டைக் கழற்றும்போதும் ஒரு புதிய பழுதுக்கு வாய்ப்புத் திறக்கிறது. துருவேறிய போல்ட் முறிகிறது, வெயிலிலும் வெப்பத்திலும் நொறுங்கும் நிலைக்கு வந்த பிளாஸ்டிக் கிளிப் உடைகிறது, சென்சார் ஒயர் இழுபடுகிறது. இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. வண்டியின் குணம் தெரிவதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடுகிறது. ஷாக் அப்சார்பர், புஷ், மவுண்ட் என்று முதல் மாதத்தில் கொட்டிவிட்டு, மூன்றாம் மாதம் கியர்பாக்ஸ் வழுக்கத் தொடங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

பழுதாகட்டும், பார்க்கலாம்

இந்த வழியைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பல உறுப்புகளுக்கு இதுதான் சரியான வழி. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், கண்ணாடி ஏற்றும் மோட்டார், ஏசி கம்ப்ரசர் ஆகியவற்றை வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாற்றுவது தேவையற்றது. வீல் பேரிங் போகும் முன் ஊளையிடும், வேகத்தோடு சேர்ந்து அந்த ஒலி ஏறும். சஸ்பென்ஷன் புஷ் தட்டும். எக்ஸாஸ்ட் இரையும். இவை வாரக் கணக்கில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போகின்றன. ஊளை கேட்ட பிறகும் மாதக் கணக்கில் ஓட்டுவது மட்டும் வேறு கதை.

ஒவ்வொரு உறுப்பையும் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். போவதற்கு முன் சொல்லுமா? போகும்போது வேறு எதையெல்லாம் கூட இழுத்துக்கொண்டு போகும்? விலையையும் வயதையும்விட இந்த இரண்டு கேள்விகளே வரிசையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். அது போவதற்கு முன் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. இன்றைய என்ஜின்களில் பெரும்பான்மையானவற்றில் பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றே. நேரம் மட்டுமே அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்குப் பதினாறு தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் அந்த ஒழுங்கு ஒரு சுற்றுக்குள் குலைந்து, வால்வுகள் வளைகின்றன, சில நேரம் பிஸ்டனும் உடைகிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பெல்ட்டுக்குச் சுமார் 1 லட்சம் முதல் 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை கெடு வைக்கிறார்கள். கூடவே ஆண்டுக் கெடுவும் உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. மேலே சொன்ன 2,08,000 கிலோமீட்டர் வண்டியில் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், அது ஓடும் ஒவ்வொரு நாளும் என்ஜினையே பணயமாக வைத்து ஓடுகிறது. பெல்ட்டின் மேல் மூடியைத் திறந்து பார்த்து "விரிசல் இல்லையே" என்று சொல்வதை ஏற்க வேண்டாம். பல்வரிசையின் அடிப்பாகமும் உள்ளே இருக்கும் நார்களும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

செயின் உள்ள என்ஜினுக்கு இந்த அவசரம் இல்லை. செயின் நீண்டால் சத்தம் வரும். பல வண்டிகளில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் பொருந்தவில்லை என்று பி0016 போன்ற குறியீடும் வரும். அங்கே நாம் செய்ய வேண்டியது ஆயிலைச் சுத்தமாக வைத்திருப்பது. டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது.

வரிசை எப்படி இருக்க வேண்டும்

முதல் இரண்டு வாரங்களில், உயிரையும் என்ஜினையும் காப்பவை மட்டும்.

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிலை. 3.7 சதவீத நீர் கலந்ததும் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 இன்னும் கீழே, 205-லிருந்து 140-க்கு. இரண்டு டன் எடையுள்ள வண்டி நீண்ட மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. இதற்கு முன்னறிவிப்பு இல்லை. மாற்றும் செலவோ மிகச் சிறியது. அதே வேலையில் ரப்பர் ஹோஸ்களை வளைத்து விரிசல் பாருங்கள். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு இப்போதைய தடிமனை ஒப்பிடுங்கள்.

கீழ் பால் ஜாயின்ட்டையும் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) டை ராட் முனைகளையும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனைகள்) இதே வாரத்தில் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்தால் சொகுசு குறையும், பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். இரண்டும் சஸ்பென்ஷன் என்ற ஒரே தலைப்பில் வந்தாலும் அவசரத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

பிறகு டைமிங் பெல்ட் தொகுதி, மேலே சொன்னபடி வாட்டர் பம்ப்போடு. அதனுடன் கூலன்ட். கூலன்ட் விஷயத்தில் நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்தான். வண்டியின் கையேட்டில் உள்ள தரக்குறியீட்டைப் பாருங்கள். பொருந்தாத வகைகளைக் கலந்தால் துருத் தடுப்புப் பொருள்கள் வலுவிழக்கும், சில நேரம் கூழ்போல உறையவும் செய்யும். அடர்வான கூலன்ட் வாங்கினால் குழாய்த் தண்ணீர் கலக்காமல் வடித்த நீர் கலக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்ற கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. குளிர் பக்கமே வராத இடத்தில் ஓட்டுபவருக்கும் இந்தக் கலவை தேவை. கொதிநிலை உயர்வதும் துருத் தடுப்பும் அதில்தான் அடங்கியிருக்கின்றன.

என்ஜின் ஆயிலை வாங்கிய வாரத்திலேயே மாற்றி, 1,500 முதல் 2,000 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை மாற்றுவது என் பழக்கம். நல்ல ஆயிலில் உள்ள சுத்திகரிப்புப் பொருள்கள் பழைய படிவைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொண்டுவரும், இரண்டாவது மாற்றத்தில் அது வெளியேறும். 'என்ஜின் ஃபிளஷ்' என்று விற்கும் திரவத்தை இந்த வயது என்ஜினில் ஊற்றாதீர்கள். அது படிவைக் கட்டியாகப் பெயர்த்தால், ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையில் போய் அடைக்கும். இரண்டு ஆயில் மாற்றத்துக்கு ஆகும் செலவோடு ஒரு புது என்ஜினை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டீசல் வண்டியானால் எரிபொருள் ஃபில்டரையும் இந்த இரண்டு வாரத்துக்குள் சேர்க்க வேண்டும். காமன் ரெயில் முறையில், அதாவது உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் தரும் முறையில், அழுத்தம் 1,600 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் போகிறது. அந்த அழுத்தத்தில் இயங்கும் இன்ஜெக்டருக்கு நீர்த்துளியும் தூசும் எதிரிகள். பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக் அவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் ஒன்றையாவது கழற்றிப் பார்த்தால் அந்த சிலிண்டரின் உடல்நிலையை அது காட்டிவிடும்.

முதல் 5,000 கிலோமீட்டருக்குள் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), டிஃபரென்ஷியல் ஆயில்கள். அதற்குப் பிறகு, ஆண்டு முடிவதற்குள், சஸ்பென்ஷன் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் ஆயில் கசிவுகளும்.

ஆயில் கசிவைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த சீலையும் மாற்றுவதற்கு முன் பிசிவி வால்வை மாற்றுங்கள். என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் இந்தச் சிறு உறுப்பு அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் கூடி நல்ல சீல்களின் வழியாகவும் ஆயில் கசியும். அடைப்பைச் சரிசெய்யாமல் சீல் மாற்றினால் புதிய சீலும் கசியும். இதுபோலத்தான் டயரும். தளர்ந்த புஷ்களோடு புது டயர் போட்டால், சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரம் தின்றுவிடும். புஷ் முதலில், அடுத்து வீல் அலைன்மென்ட், கடைசியில் டயர். டயர் வெடிப்பு விழுந்தோ மிகப் பழையதாகவோ இருந்தால் மட்டும் இந்த ஒழுங்கை மீறலாம். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்

பழைய எஸ்யூவி வாங்கியவர்களுக்கு எதிரெதிரான அறிவுரை அதிகம் கிடைப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கையேட்டிலேயே இருக்கிறது" என்பார் ஒருவர். "இவ்வளவு ஓடிய பிறகு மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்பார் இன்னொருவர். "இயந்திரத்தில் மாட்டி முழுசாக மாற்றிவிடுங்கள்" என்பார் மூன்றாமவர்.

முதல் அறிவுரையில் 'ஆயுள்' என்ற சொல் யாருடைய ஆயுள் என்பதுதான் சிக்கல். பல நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப், தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் எட்டு ஆண்டுகளில், ஆயில் மாற்றச் சொல்கிறது. அதே கியர்பாக்ஸைப் பொருத்திய சில வண்டிகளின் கையேட்டில் மாற்றவே வேண்டாம் என்றிருக்கும். செய்தவர் சொல்வதையே நான் கேட்பேன்.

இரண்டாவது அறிவுரை முழுப் பொய்யல்ல என்பதால்தான் நீடித்து வாழ்கிறது. கியர் ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி முயற்சியாக ஆயிலை மாற்றியவர்கள் பலர். தேய்ந்துபோன கிளச் தட்டுகளைப் புது ஆயில் குணப்படுத்த முடியாது. சில வாரத்தில் கியர்பாக்ஸ் நின்றதும் பழி ஆயிலின் மேல் விழுந்துவிடுகிறது. எனவே முடிவு இப்போதைய நடத்தையைப் பொறுத்தது. குளிரிலும் சூட்டிலும் கியர் சீராக மாறுகிறதா, ரிவர்ஸ் போட்டதும் தாமதமின்றிப் பிடிக்கிறதா, ஏற்றத்தில் என்ஜின் சுற்று ஏறியும் வேகம் ஏறாமல் இருக்கிறதா என்று சில நாள் கவனியுங்கள். நன்றாக இயங்கினால் மாற்றுங்கள். வழுக்கினால் ஆயிலுக்குச் செலவிடும் முன் கியர்பாக்ஸ் மட்டுமே பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

மாற்றும் முறைகளில், அழுத்தம் கொடுத்து எதிர்த்திசையில் கழுவும் முறையை நான் எந்தப் பழைய கியர்பாக்ஸுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் படிந்து கிடந்த துகளை அது வால்வு தொகுதியின் மெல்லிய துளைகளுக்குள் தள்ளக்கூடும். கியர்பாக்ஸின் சொந்தப் பம்ப்பின் ஓட்டத்திலேயே கூலர் குழாய் வழியாகப் பழையதை வெளியேற்றிப் புதியதை உள்ளே விடும் முறை வேறு. அது பாதுகாப்பானது, ஏறக்குறைய முழு ஆயிலையும் மாற்றும், ஆனால் புது ஆயில் நிறையத் தேவை. வரலாறே தெரியாத வண்டிக்கு நான் தேர்வது வடித்து ஊற்றும் முறை. இதில் ஒரு தடவையில் முழு ஆயிலும் வராது, ஏனெனில் பெரும்பகுதி, என்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். மொத்தம் 10 லிட்டரில் 4 லிட்டர் வடிகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் தடவைக்குப் பிறகு 40 சதவீதம் புதிது, இரண்டாவதில் 64, மூன்றாவதில் 78. இடையிடையே ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம். மாற்றம் மெதுவாக நிகழ்கிறது. ஏதாவது கோளாறு தலைகாட்டினால் நிறுத்திக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது.

முதல் தடவை கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, அதில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். நைஸான சாம்பல்நிறப் பசை வயதுக்குரியது. நகத்தில் படும் உலோகச் செதில்கள் இருந்தால் நிலைமை வேறு. ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் அப்போதே மாற்றிவிடலாம். ஆயில் அளவை, தயாரிப்பாளர் சொல்லும் வெப்பநிலையில் பார்க்க வேண்டும். பல கியர்பாக்ஸ்களில் அது 40 டிகிரி அளவில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது. இதில் தவறு செய்து அரை லிட்டர் குறைவாக விட்டு, பிறகு கியர்பாக்ஸைப் பழிப்பவர்கள் உண்டு. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய பொது ஆயிலையும் தவிர்த்துவிடுங்கள். சிவிடி (படிகளாக இல்லாமல் தொடர்ச்சியாக விகிதம் மாறும் கியர்பாக்ஸ்) வகைக்கு அதற்கென்றே உள்ள ஆயில்தான் போக வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே அமைந்த வண்டியானால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் குழாயின் சுவர் அரித்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர் வண்டிகள் இந்தக் கோளாறுக்குப் பேர்போனவை. கிளச் தட்டுகளின் பசை நீரில் கரைந்து, கியர்பாக்ஸ் முழுவதுமாக வீணாகும். முன்னறிவிப்பு இல்லாத, பெரியதைக் கூட இழுத்துச் செல்லும் பழுது. ரேடியேட்டர் நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் இத்தகைய வண்டியில் அதை நான் முதல் மாதத்திலேயே மாற்றுவேன்.

நான்கு சக்கர இயக்கத்தின் தனிக் கணக்கு

சாதாரணக் காரில் இல்லாத மூன்று ஆயில்கள் இங்கே வரும்: முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ். வேலை எளிது. ஆனால் ஒரு விதியை மறக்கவே கூடாது: வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன் ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டுப் பிறகு ஊற்றும் திருகு அசையவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டி அந்த இடத்தை விட்டு நகர முடியாது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை டிஃபரென்ஷியலுக்குத் தனிச் சேர்மானம் தேவைப்படலாம். மேனுவல் கியர்பாக்ஸ் உள்ளவர்கள் டிஃபரென்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 (கியர் ஆயிலின் ஒரு தரவகை) ஆயிலையே அதிலும் ஊற்றிவிட வேண்டாம். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அது பாதிக்கக்கூடும்.

எப்போதும் நான்கு சக்கரத்திலும் இயங்கும் வண்டியில் டயர்கள் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். 750 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் 2 மில்லிமீட்டர் தேய்ந்தால், அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புதியதைவிட இரண்டு சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றும். அந்த வேறுபாட்டை டிரான்ஸ்ஃபர் கேஸோ நடு டிஃபரென்ஷியலோ ஓயாமல் ஈடுகட்டி, சூடேறித் தேய்கிறது. முன்பு இருந்தவர் இரண்டு டயர் மட்டும் மாற்றியிருந்தால் இதை முதலிலேயே அளந்துவிடுங்கள்.

உதிரிபாகமும் கைகளும்

வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவது, அதே உறுப்பைச் செய்தவரின் சொந்தப் பெட்டியில் வருவது, மலிவான மாற்று, பழைய வண்டியிலிருந்து கழற்றியது என்று நான்கு தேர்வுகள். இரண்டாவதே பெரும்பாலும் என் தேர்வு. பெல்ட், பம்ப், பிளக், சென்சார் ஆகியவற்றை வண்டி நிறுவனங்கள் தாமே செய்வது அரிது. டென்சோ, ஐசின், பாஷ், கேட்ஸ், கான்டினென்டல் போன்றவர்கள் செய்து தருகிறார்கள். ஃபில்டரிலும் பிளக்கிலும் போலி அதிகம் என்பதால் எங்கே வாங்குகிறோம் என்பது முக்கியம். கழற்றிய பாகங்களில் கதவு, கண்ணாடி, ஆல்டர்னேட்டர், டிஃபரென்ஷியல் கூடு போன்றவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். ரப்பர், பிரேக், வாட்டர் பம்ப் ஆகியவற்றைக் கழற்றியதாக வாங்கவே கூடாது. மலிவான மாற்றை, தோற்றால் வேறு எதையும் கெடுக்காத இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

யார் செய்வது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஆயில்கள், ஃபில்டர்கள், பிளக், பிசிவி வால்வு ஆகியவற்றை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் தாமே செய்யலாம். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் எக்காரணம் கொண்டும் படுக்காதீர்கள், முட்டுத்தாங்கி கட்டாயம். டைமிங் பெல்ட்டை, அந்த என்ஜினை முன்பே பலமுறை பிரித்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். கடையின் அளவைவிட அந்த அனுபவம் பெரிது. பழைய பாகங்களை உங்களிடம் திருப்பித் தரச் சொல்லுங்கள். அவற்றைப் பார்த்தால் மீதி வண்டியின் நிலையும் புரியும்.

இந்த வரிசையை யார் மாற்றிக்கொள்ளலாம்

வாங்கிய அடுத்த மாதமே ஆளில்லாப் பாதைகளில் நெடும்பயணம் போகிறவர் முதல் வழியையே தேர்வு செய்யட்டும். உதவி எட்டாத இடத்தில் வீல் பேரிங்கின் ஊளையைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் வேலை முடிந்ததும் பயணத்துக்கு முன் குறைந்தது 500 கிலோமீட்டராவது அருகிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும், விலகிய கிளாம்ப்பும் இறுக்காத போல்ட்டும் அதற்குள் வெளிப்படும்.

ஆறு மாதம் மட்டும் வைத்திருந்து விற்கப்போகிறவருக்கு ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் தேவையில்லை. பிரேக், பால் ஜாயின்ட், என்ஜின் ஆயில் போதும். டைமிங் பெல்ட்டை அவரும் தவிர்க்க முடியாது. அது அறுவதற்கு அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள் போதும். மாற்றிய ரசீதை அடுத்தவரிடம் கொடுத்தால் அந்தச் செலவில் ஒரு பகுதி விலையில் திரும்பியும் வரும்.

பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவர் இரண்டாவது ஆயில் மாற்றத்தின்போது ஒரு சிறு குப்பி பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இரும்பும் ஈயமும் கூடியிருந்தால் பேரிங் தேய்மானம், சிலிக்கான் கூடியிருந்தால் காற்று ஃபில்டர் வழியாகத் தூசு, சோடியமோ பொட்டாசியமோ இருந்தால் கூலன்ட் கசிவு என்று சந்தேகிக்கலாம். ஷாக் அப்சார்பருக்கு ஒதுக்கிய பணத்தை அந்த முடிவு வரும் வரை எடுக்காதீர்கள். சோடியம் கூடியிருக்கிறது என்று தாளில் வந்தால், அந்தப் பணம் ஹெட் கேஸ்கெட்டுக்குத் தேவைப்படும்.